துப்பாக்கியைச் செய்தவளின் வயது

ஒரு சாமான் பழசா புதுசா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற திறமை சாதாரண ஜனங்களுக்கு உண்டு. அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆளாளுக்குப் பார்த்துச் சொல்லிவிட்டால் அப்புறம் நிர்ணயம் என்று ஒன்று எதற்கு? ஆகவே தொன்மைப் படைக்கல நிர்ணயக் கழகம் என்று ஒன்றை உண்டாக்கி, அதற்கு நாலு மாடிக் கட்டடமும், வாசலில் ஒரு பீரங்கியும், அந்தப் பீரங்கிக்கு ஒரு காவலாளியும் கொடுத்தது. வாளோ ஈட்டியோ துப்பாக்கியோ, எது வந்தாலும் அதைச் செய்தவர் யார், அதன் வயது என்ன என்று சொல்வதுதான் கழகத்தின் வேலை. ஆரம்பித்த நாளிலிருந்து கழகம் எந்தப் பொருளைப் பற்றியும் தெரியவில்லை என்று சொன்னது கிடையாது. இது புதுசு என்றும் சொன்னது கிடையாது.

இந்தக் கழகத்துக்குத்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் மகள் செய்த துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு முக்காலி, சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும் ஒரு அட்டை. கண் மங்குகிறது என்று வருகிறவர்களிடம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், கண்ணாடி வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைப் பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று மரியாதையோடு சொல்வார்கள்.

மகளுக்கு வீட்டில் எலி என்று பெயர். கடையின் பின்னறையில் உட்கார்ந்து எந்நேரமும் அரத்தை வைத்து எதையாவது கொறகொற என்று ராவிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். நீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. கடைசல் இயந்திரத்தில் நின்று யார் யார் வீட்டுப் பம்புக்கோ தண்டும் வளையமும் கடைந்து கொடுப்பாள். ஒருநாள் ஏதோ ஒரு புத்தகத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கியின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கல்லு இரும்புல உரசினா பொறி வருதுப்பா. அந்தப் பொறியிலயே மருந்து பத்திக்குது. தீப்பெட்டிகூட வேண்டாம். எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க பாருங்க" என்றாள். அவருக்கு அதில் என்ன அழகு என்று புரியவில்லை. அவள் முகத்தில் இருந்த அழகு புரிந்தது, சரி செய் என்றார்.

வருஷக்கணக்கில் செய்தாள். பட்டறைக்கு விடுமுறை விடுகிற நாளில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அவர் இயந்திரத்திலேயே குழலைக் குடைந்தாள். குண்டு சுழன்று போவதற்காகக் குழலுக்குள் திருகுத் திருகாய் ஓடும் வரிகளைக் கையாலேயே இழுத்து இழுத்துப் போட்டாள். கல்லைத் தட்டிவிடும் எஃகு வில்லைச் செய்தபோது அது உடைந்தது, மறுபடி செய்தாள், மறுபடி உடைந்தது. அவளுக்கு இடது கைப் பழக்கம் என்பதால் விசையும் கல்லும் எல்லாம் இடது பக்கம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அம்மா குறுக்கே விழுந்தாள். வீட்டில் வெடி மருந்து வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். எலி சிரித்துக்கொண்டே, கல்லின் பொறி குழலுக்குள் போகிற சின்னத் துளையைப் போடாமல் விட்டுவிட்டாள். துளை இல்லாவிட்டால் இது வெறும் தடிதானம்மா என்றாள். அந்தத் தடி பின்னறைச் சுவரில் ஏறியது.

அப்புறம் எலி போய்விட்டாள். இருபத்தெட்டு வயது. படுத்தாள், போய்விட்டாள், அவ்வளவுதான். வைத்தியர் சொன்ன நோயின் பெயர் கண்ணாடிக்கடைக்காரருக்கு வாயில் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் கடைந்த தண்டும் வளையமும் எல்லாம் ஊரார் பம்புகளுக்குள் கிடந்தன. முழுசாக, இது எலி செய்தது என்று கையால் தொட்டுச் சொல்ல அந்தத் துப்பாக்கி ஒன்றுதான் மிச்சம். கண்ணாடி வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சுட்டாலும் சுடாவிட்டாலும் துப்பாக்கி துப்பாக்கிதான், சொல்லாமல் வைத்திருந்தால் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் அன்றே காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். ஆய்வாளர் நல்ல மனிதர். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சுடாதுன்னு எனக்கே தெரியுது. ஆனா எனக்குத் தெரியறது செல்லாதுங்க" என்றார் அவர். "யார் செஞ்சது, என்ன வயசுன்னு கழகம் எழுதிக் கொடுக்கணும்."

யார் செய்தது என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பதைக் கடைக்காரர் மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். முத்திரை குத்திய ஒரு காகிதத்தில், செய்தவர் என்ற இடத்தில், தன் மகள் பெயர். அவள் இருந்தாள் என்பதற்கு அது போதும் என்று தோன்றியது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கழகத்துக்குப் போனார்.

கழகத்தின் கீழ்த்தளத்தில், பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் எழுத்தர் நிமிராமல் வயசு கேட்டார். கடைக்காரர் தன் வயதைச் சொன்னார். உங்களுக்கு இல்லை, துப்பாக்கிக்கு என்றார் எழுத்தர். அது முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று கடைக்காரர் சொன்னதும்தான் அவர் நிமிர்ந்தார். நூறுக்குக் கீழே இங்கே எடுப்பதில்லை என்றார். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார் கடைக்காரர்.

"எப்படிங்க கொடுக்கறது? புதுசா இருந்தா இது உள்ளயே வந்திருக்க முடியாது. உள்ள வந்திருச்சு. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். எங்கேயோ உதைத்தது. ஆனால் எங்கே என்று கை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதற்குள் துப்பாக்கியின் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்துத் துரு நிபுணர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாம் மாடியில், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குழலின் மேல் பழுப்பு நிறத்தில் பன்னிரண்டு துருப் படலங்கள் இருப்பதாகவும், ஒரு படலம் உண்டாக இருபது ஆண்டு ஆகும் என்பது கழகத்தின் முடிவு என்பதால் துப்பாக்கிக்கு இருநூற்று நாற்பது வயது என்றும் சொல்லிவிட்டு, வாழ்த்துகள் என்றார்.

துரு விஷயம் அவர் வீட்டில் பெரிய சண்டையாகவே நடந்த விஷயம். துப்பாக்கிக் குழலுக்கு வர்ணம் அடிப்பதில்லையாம். உப்புத் தண்ணீரைத் தடவி, ஈரமான இடத்தில் தொங்கவிட்டுத் துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்து, இப்படித்தான் அந்தப் பழுப்பு ஏற்றுவார்களாம். வீட்டில் ஈரமான இடம் குளியலறைதான். எலி குழலை அங்கே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெந்நீர் வாளியை வைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். இந்த வீட்டில் துப்பாக்கி குளித்து முடித்தால்தான் மனுஷர் குளிக்க வேண்டுமா என்று அம்மா துண்டும் கையுமாக வெளியே நின்று கரடியாய்க் கத்துவாள். இதை எல்லாம் கடைக்காரர் நிபுணரிடம் விவரமாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு படலம் வீதம் பன்னிரண்டும் தன் கண் முன்னால் வந்தது என்றார்.

நிபுணர் கோபப்படவில்லை. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஒரே நாள்ல ஒரு படலம் வரும்னு நான் ஒத்துக்கிட்டா, இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை சாமானுக்கும் வயசு குறைஞ்சு போயிடும். வாசல்ல நிக்கிற பீரங்கி போன வாரத்துதுன்னு ஆயிடும். நாங்க நூத்தம்பது பேர் வேலை பாக்கறோம். உங்க வீட்டுல குளியலறை ஒண்ணுதானே?"

ஒன்றுதான் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

துருவில் தோற்றாலும் மரத்தில் ஜெயிக்கலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்கும்போது எலி ஓரிடத்தில் ஆழமாக வெட்டிவிட்டாள். அழுதுகொண்டு உட்காராமல், அப்பா அம்மா படுக்கிற கட்டிலின் காலில் அடியிலிருந்து ஒரு துண்டை அறுத்து அந்தப் பள்ளத்தில் பொருத்திவிட்டாள். கட்டில் அன்றிலிருந்து ஆடியது, அதற்கு ஒரு செங்கல்லும் வைத்தாள். இதைக் கடைக்காரர் கழகத்துக்கு எழுதிப் போட்டார். கட்டில் இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடித்திருந்தார்.

வந்தார்கள். லாரியோடு வந்தார்கள். அறுத்த இடத்தில் மரத்துண்டின் அச்சு ஒன்றை வைத்துப் பார்த்து, ரேகைக்கு ரேகை பொருந்துகிறது என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் சந்தோஷத்தில் அவர்களுக்குத் தேநீர் வாங்கிவரக் கிளம்பினார். திரும்பி வருவதற்குள் கட்டிலை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். துப்பாக்கிக்கு இருநூற்று நாற்பது வயது, அதன் மரமும் கட்டிலின் மரமும் ஒன்று, ஆகவே கட்டிலுக்கும் இருநூற்று நாற்பது வயது. இவ்வளவு பெரிய தேசச் சொத்தின் மேல் இத்தனை நாள் இரண்டு பேர் புரண்டு படுத்திருக்கிறார்கள் என்று அவர்களில் மூத்தவர் வருத்தப்பட்டார். செங்கல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி வெறும் தரையைப் பார்த்தபடி நின்றாள். மகள் போனதிலிருந்து அவள் பேச்சே குறைந்துபோயிருந்தது. அன்று பேசினாள்.

"இனிமே உண்மை எதையும் வெளிய சொல்லாதீங்க. சொல்லச் சொல்ல வீடு காலியாகுது."

ஆனால் அவர் விடவில்லை. கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு நடையாய் நடந்தார். காவலாளிக்கு அவர் முகம் பழகிவிட்டது, பீரங்கி நிழலில் உட்காரச் சொல்வான். கடைசியில் நேரில் விசாரிக்கக் கழகம் இசைந்தது. சாட்சி இருந்தால் அழைத்து வரலாம் என்றார்கள். கடைக்காரர் பம்புப் பட்டறை முதலாளியை அழைத்துக்கொண்டு போனார். எலி போன பிறகு அவள் நின்ற இடத்தில் வேறு ஆளை நிறுத்த மனசு வராமல், அந்த இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிற மனிதர் அவர். அன்று கைகளில் கறை போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

விசாரணை மேல்மாடியில் நடந்தது. நீள மேசை, நடுவில் இயக்குநர், இரண்டு பக்கமும் நிபுணர்கள். இயக்குநருக்கு நல்ல கனமான குரல், தண்ணீர் கேட்டால்கூடச் சொற்பொழிவு மாதிரி இருக்கும். மேசைமேல் பட்டுத் துணியில் துப்பாக்கி கிடந்தது. அதைப் பார்த்ததும் கடைக்காரருக்கு மற்றது எல்லாம் மறந்துபோயிற்று. கழகத்து வாசனை ஏறிப்போயிருக்குமோ என்று கவலைப்பட்டார். வீட்டில் இருந்தவரை அவள் கை எண்ணெய் வாசனை அதில் இருந்தது.

இந்தக் குழலை அந்தப் பெண் தன் இயந்திரத்தில் குடைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பட்டறை முதலாளி சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இது செய்யப்பட்டது இருநூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னால. அப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"இல்லாத ஒருத்தர் எப்படிப் பாத்திருக்க முடியும்?"

சாட்சி சம்பவ காலத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகக் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது துளை. பொறி போகிற துளை இல்லாத துப்பாக்கியை எந்தக் காலத்து ஆளும் செய்யமாட்டானே, இது விளையாட்டாக ஒரு பெண் செய்ததுதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். இயக்குநர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து நின்றுகொண்டார். போரை வெறுத்த ஒரு மகத்தான உள்ளம், கொல்லும் கருவியைச் செய்துவிட்டுக் கடைசி நொடியில் அதன் வாயை அடைத்துவிட்ட கதை அது என்றார். உலகத்திலேயே சுட மறுத்த முதல் துப்பாக்கி இது என்றார். நிபுணர்கள் கைதட்டினார்கள். அதெல்லாம் இல்லை, அவள் அம்மாவுக்குப் பயம், அதனால் போடவில்லை என்றார் கடைக்காரர்.

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க சொல்றது வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தைக் காசு கொடுத்து யார் வந்து பாப்பாங்க?"

இருந்தாலும் கழகம் கல்நெஞ்சம் உள்ளதல்ல. உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள். துப்பாக்கியின் பிடி சிறிய கைக்கு ஏற்றதாக இருப்பதால் மனுவுக்கு ஓரளவு இடம் இருக்கிறது என்று கண்டார்கள். இயக்குநர் தீர்ப்பை வாசித்தார். செய்தவர் பெண் என்ற அளவில் மனு ஏற்றுக்கொள்ளப்படுகிறது, மகள் என்ற அளவில் தள்ளுபடி செய்யப்படுகிறது. பட்டறை முதலாளி அவருடன் படியிறங்கினார். கீழே வந்ததும் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

துப்பாக்கி கழகத்தின் காட்சிக்கூடத்துக்குப் போனது. கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, கீழே ஒரு அட்டை. செய்தவர்: இடக்கைக்காரி எனப்படும் பெயர் தெரியாத பெண். காலம்: இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன். கடைக்காரர் அந்த அட்டையை ஒரே ஒரு தடவை எட்ட நின்று படித்தார். பெயர் தெரியாத பெண் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. பெயர் வைத்தவர் அவர்தான். பிறந்த அன்று அவள் காதில் அந்தப் பெயரைச் சொல்லும்போது எப்படிக் கண்ணை இடுக்கிக்கொண்டாள் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

மனு மேல் மனு போட்டார். கழகம் எல்லாவற்றுக்கும் பதில் போட்டது. எல்லாப் பதிலும் ஒரே பதில். மனைவி அவருடைய சோற்றை மூடி வைத்துவிட்டுத் தரையில் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் இயக்குநரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். அறையில் அவர் மட்டும் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, குரலை இறக்கிக்கொண்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்றார்.

கடைக்காரருக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"விசை பக்கத்து மூடியைத் திறந்து பாத்தோம். உள்ள இருக்கிற திருகு பம்புத் திருகு. வந்த முதல் வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமாங்க?"

"தெரியறது வேற, நிர்ணயம் வேற. தெரிஞ்சதை எல்லாம் நிர்ணயம் பண்ணிக்கிட்டிருந்தா ஒரு நிறுவனம் நடக்குமா, சொல்லுங்க?"

இப்போது ஏன் சொல்கிறார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர் அவருக்கு ஆகாதவர். வந்ததும் மூடியைத் திறந்து பார்த்து, போன இயக்குநர் பம்புத் திருகுக்கு இருநூற்று நாற்பது வயது சொன்னார் என்று ஊரெல்லாம் தண்டோரா போடுவார். அதற்கு முன்னால் இவரே தவறைக் கண்டுபிடித்துவிட்டால், உண்மைக்காகத் தன் நிறுவனத்தையே எதிர்த்த இயக்குநர் என்று விடைபெறும் விழாவில் பேசுவார்கள். பேச வேண்டியதை எழுதியும் கொடுத்துவிட்டார். புது அட்டை தயாராக இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார்.

எலியின் முழுப் பெயர் அதில் இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், பம்புப் பட்டறைத் தொழிலாளி என்ற விவரம். பிறந்த வருஷம், இறந்த வருஷம். இருபத்தெட்டாம் வயதில் காலமானார் என்று கடைசி வரி. தந்தை என்ற முறையில் இவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே மாட்டிவிடுவார்கள். கடைக்காரர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுத்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இல்லை என்று பார்த்த இயக்குநர், போய்க் கூடத்தில் எங்கே மாட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

கூடத்தில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. நீலச் சீருடை போட்ட வழிகாட்டிப் பெண் ஒருத்தி குச்சியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். எலியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். வெறும் அட்டையை ஜனங்கள் நின்று படிப்பதில்லை என்பதால், கழகம் ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பிரிவை ஏற்படுத்தி, எல்லாப் பொருளுக்கும் கதை எழுதிக் கொடுத்திருந்தது. கடைக்காரருக்கு இது தெரியாது. அந்தப் பெண் அதை மனப்பாடம் பண்ணியிருந்தாள். ஆனால் விருப்பத்தோடு சொன்னாள்.

இடக்கைக்காரிக்கு நல்ல ஆயுள் என்றாள். எண்பத்தாறு வயது வரை இருந்தாள். நாற்பது வயதுக்கு மேல்தான் கை நன்றாகப் பழகி இந்தத் துப்பாக்கியைச் செய்தாள். கல்யாணம் ஆகி நாலு பிள்ளைகள், மூன்று பெண், ஒரு பையன். ஒட்டு வேலை செய்திருக்கிறதே, அது வயதான காலத்தில் பேத்தி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தது. கண் மங்கிப்போயும் கை தவறவில்லை.

பிறகு குச்சியால் கட்டையின் அடிப்பாகத்தைக் காட்டினாள்.

"இங்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கு பாருங்க. பல் முளைக்கிற வயசுல ஒரு பேரக்குழந்தை கடிச்சது. அவங்க கோவிச்சுக்கலை. இழைச்சு எடுத்திருக்கலாம், எடுக்கலை. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

அந்தப் பள்ளத்தைக் கடைக்காரருக்குத் தெரியும். எண்ணெய் போடுவதற்காக அன்று எலி துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினாள். கடையில் உட்கார்ந்திருந்த அவருக்கு, அப்பா என்று ஒரு குரல் கேட்டது, அப்புறம் கட்டை தரையில் மோதிய சத்தம், அப்புறம் அவள் விழுந்த சத்தம். வந்தவருக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தவறி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னும் ஒரு கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் எழுந்து போனார். அதற்குள் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று வைத்தியர் பின்னால் சொன்னார். இருந்தாலும் ஊரெல்லாம் அடங்கிய பிறகு அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

கூட்டத்தில் ஒரு அம்மாள், கடைசிக் காலத்தில் அவள் கஷ்டப்பட்டாளா என்று கேட்டாள். வழிகாட்டிப் பெண் இல்லை என்றாள். ஒருநாள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள். கூட்டம் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. கடைக்காரர் நகரவில்லை. அண்டப்புளுகு என்று கத்த வேண்டியவர், பெட்டியின் கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தொடக்கூடாது என்று யாரோ வந்து சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரர் புது அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பழைய அட்டையே இருக்கட்டுங்க."

"என்னய்யா இது? உண்மை வேணும் உண்மை வேணும்னு என் உயிரை எடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"நான் கையெழுத்துப் போட்டா அவளுக்கு மறுபடியும் இருபத்தெட்டு ஆயிடுங்க."

இயக்குநருக்கு மெய்யாகவே கோபம் வந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு நல்ல காரியம் செய்ய விடாத இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு நாடு எப்படி உருப்படும் என்று எழுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டார். கோப்பில், மனுதாரர் உண்மைக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதினார். விழாவில் அவரை வேறு எதற்கோ பாராட்டினார்கள். புதிதாக வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார், உடனே மூடிவிட்டார்.

வீட்டில் கடைக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளத்தை மட்டும் சொல்லவில்லை. எண்பத்தாறு வயது என்றார், நாலு பிள்ளைகள் என்றார், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தது, தூக்கத்தில் போனது, எல்லாம் சொன்னார். தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால், வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இரண்டு பேரும் சீட்டு வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் போனார்கள். அதே வழிகாட்டிப் பெண்தான். எண்பத்தாறு வயது என்று அவள் சொன்னதும் மனைவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பெண், ஒரு பையன் என்றபோது தலையாட்டினாள். எல்லாம் முடிந்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று அந்தப் பெண் வழக்கம் போலக் கேட்டாள். மனைவி கையைத் தூக்கினாள்.

"மாப்பிள்ளை எப்படிம்மா? நல்லாப் பாத்துக்கிட்டாரா?"

"எந்த மாப்பிள்ளைங்க?"

"இவளைக் கட்டினவர்."

மனப்பாடம் பண்ணியதில் அது இல்லை. வழிகாட்டிப் பெண் ஒரு கணம் தடுமாறினாள். கேட்டவளின் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற கிழவரைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, குச்சியைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாரும்மா. அவரேதான் சமைச்சுப் போடுவாராம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்குச் சமைக்க வராது" என்றாள் பிறகு. "அதான் கேட்டேன்."